தாத்தாவின் பெட்டியில் காலித் தோட்டா... காயலான் கடையில் போடலாமா? | கேட்டுச் சொல்றோம்

இந்த வாரக் கேள்வி மேல்சித்தாமூரிலிருந்து வந்திருக்கிறது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கும் ஊர். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய வாசகி, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பேசியதை அப்படியே தருகிறோம்.

"பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்றப்போ பரண்ல இருந்து தாத்தாவோட தகரப் பெட்டியை இறக்கினோம். அவருக்கு லைசென்ஸ் துப்பாக்கி இருந்துச்சு. கடலைக் கொல்லைக் காவலுக்கு வாங்கினது. அவர் தவறினதும் அப்பா அதை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டாரு, ரசீதுகூட இருக்கு. ஆனா பெட்டியில ஒரு துணிப்பை நிறைய காலித் தோட்டா கிடக்கு. ரெண்டு மட்டும் கனமா, வாய் மூடினாப்ல இருக்கு. அடியில பித்தளை மின்னுது. காயலான் கடையில போட்டுடலாமா? அண்ணன் பையன் காலேஜ்ல படிக்கிறான். 'அத்தை, இதை அமெரிக்காவுல ஆன்லைன்ல விக்கிறாங்க, வாங்குறதுக்குன்னே ஆள் இருக்கு'ங்கிறான். நிஜமா தம்பி? எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு சொல்ற மடம் இருக்கிற ஊருல இதை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?"

அக்கா, சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம். வாய் மூடியிருக்கும் அந்த இரண்டும் சுடப்படாத தோட்டாக்களாகத்தான் இருக்க வேண்டும். அவற்றை இனி யாரும் தொட வேண்டாம். காயலான் கடை வேண்டாம், போகி நெருப்பு வேண்டாம், ஆன்லைன் விற்பனையும் வேண்டாம். மொத்தப் பையும் போய்ச் சேர வேண்டிய இடம் காவல் நிலையம். உங்கள் அண்ணன் மகன் சொன்னது பொய் இல்லை. ஆனால், அது வேறு நாட்டுச் சட்டத்தில் நடக்கும் வியாபாரம். ஏன் என்று விவரமாகப் பார்ப்போம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். அடியில் நடுவே சின்னப் பொட்டு மாதிரி இருப்பது ப்ரைமர். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடி போல, அடி விழுந்தால் பொறி தட்டுவது அதுதான். அந்தப் பொறியில் எரிவது உள்ளே இருக்கும் வெடிமருந்து. எரியும்போது உண்டாகும் வாயுதான் மூன்றாவது பாகமான குண்டை வெளியே தள்ளுகிறது. இவை மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் குப்பி நான்காவது. அதைத்தான் உறை என்கிறோம்.

சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பொட்டும் தீர்ந்துவிடும். மிச்சம் நிற்பது உறை மட்டும்தான். துப்பாக்கி, பிஸ்டல் தோட்டாக்களில் இது பெரும்பாலும் பித்தளை. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்பது இதற்கென்றே உள்ள கலவை. இதன் பெயரே 'தோட்டாப் பித்தளை'. சுடும்போது உறை சற்று விரிந்து, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்ததும் கொஞ்சம் சுருங்கிக்கொள்வதால் வெளியே எடுக்கவும் எளிது. இப்படி விரிந்து சுருங்கினாலும் உடையாமல் இருப்பதால்தான் அதே உறையை மறுபடி மறுபடி பயன்படுத்த முடிகிறது. வியாபாரம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் யார் வாங்குகிறார்கள்?

அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாக வைத்திருப்பவர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும் ஏராளம். அவர்களில் ஒரு பகுதியினர் கடையில் தோட்டா வாங்குவதில்லை, வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். காலி உறையிலிருந்து பழைய பொட்டைத் தட்டி எடுப்பார்கள். அக்ரூட் ஓட்டுத் தூளோ சோளச் சக்கைத் தூளோ போட்ட சுழல் டப்பாவில் உறைகளைச் சுற்றவிட்டுப் பளபளப்பாக்குவார்கள். விரிந்துபோனதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டிருந்தால் வாயைச் சீவி, புதுப் பொட்டு, அளந்த மருந்து, புதுக் குண்டு என்று வரிசையாக ஏற்றுவார்கள். செலவு மிச்சம், குறியும் துல்லியம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. மருந்தின் அளவு தவறினால் துப்பாக்கியே கையில் வெடிக்கலாம் என்பதும் அதே கணக்கில் சேர்த்தி.

இவர்களுக்காகத்தான் காலி உறைச் சந்தை இருக்கிறது. சுடும் மைதானங்களில் பொறுக்கியதை அளவுவாரியாகப் பிரித்து, நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று எண்ணி விற்கிறார்கள். 'ஒரு முறை மட்டுமே சுட்டது' என்றால் மதிப்பு அதிகம். உறையின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தை வைத்து எந்த ஆலைத் தயாரிப்பு என்று பார்ப்பார்கள். பொட்டு எந்த வகை என்பதும் முக்கியம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கரான பெர்டன் உருவாக்கிய வகையை மற்ற நாடுகளின் ராணுவங்கள் நிறையப் பயன்படுத்தின. ஆங்கிலேயரான பாக்ஸர் உருவாக்கிய வகைதான் அமெரிக்காவில் நிலைத்தது. பாக்ஸர் வகையில் பழைய பொட்டைத் தட்டி எடுப்பது சுலபம் என்பதால் மறுபடி நிரப்புகிறவர்கள் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.

இந்த வியாபாரத்துக்கு அங்கே எவ்வளவு செல்வாக்கு என்பதற்கு 2009-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். ராணுவம் சுட்டுத் தீர்த்த பித்தளை உறைகளை உருக்குலைத்த பிறகுதான் விற்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை தரப்பில் திடீரென்று ஒரு முடிவு வந்தது. உறைகளை நம்பியிருந்த நிறுவனங்களும் பொழுதுபோக்குக்காரர்களும் கொதித்தெழுந்தார்கள். மான்டானா மாநில செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸ், ஜான் டெஸ்டர் இருவரும் தலையிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதமே முடிவு திரும்பப் பெறப்பட்டது. உருக்கினால் அது வெறும் பித்தளை, முழுசாக விட்டால் பாதித் தோட்டா. இரண்டுக்கும் நடுவில் உள்ள விலை வித்தியாசத்துக்குத்தான் அத்தனை சண்டை.

உங்கள் பையில் இருப்பது வேறு வகை

கொல்லைக் காவலுக்கு வாங்கிய துப்பாக்கி என்றால் அது பெரும்பாலும் 12 போர் வகையாக இருக்கும். அந்தத் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இருக்காது. ரவை ரவையாக ஈயக் குண்டுகள் இருக்கும். உறையும் முழுக்கப் பித்தளை இல்லை. மேல் குழாய் பிளாஸ்டிக்கில் இருக்கும், பழசு என்றால் கெட்டி அட்டையில் இருக்கும். அடியில் மூடி போல இருப்பது மட்டும்தான் உலோகம். அதுகூடச் சிலவற்றில் பித்தளை முலாம் பூசிய இரும்புதான். புனே அருகே கட்கியில் 1869-ல் தொடங்கிய அரசு வெடிபொருள் ஆலை 'சக்திமான்' என்ற பெயரில் இந்த வகைத் தோட்டாக்களைத் தயாரித்தது. உங்கள் பையில் இருப்பவற்றிலும் அந்தப் பெயர் அச்சடித்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆக, அக்கா, ஒரு பை நிறைய இருந்தாலும் தராசில் வைத்தால் பித்தளை கொஞ்சம்தான் தேறும். அந்தக் காலத்துப் பேரீச்சம்பழக் கணக்கில்கூட ஒரு கை பழம் வருவது சந்தேகம். அதற்காக எடுக்கும் ஆபத்தோ மிகப் பெரியது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதைப் பார்ப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 'வெடிபொருள்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் முழுத் தோட்டா மட்டும் இல்லை, அதன் பாகங்களும் அடக்கம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதை 3-வது பிரிவு தடுக்கிறது. உரிமம் இல்லாமல் தயாரிப்பதையும் விற்பதையும் 5-வது பிரிவு தடுக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது 10-வது பிரிவு.

2019-ல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. உரிமம் இல்லாமல் தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

அப்படியானால் அலமாரியில் ஞாபகார்த்தமாக ஒரு காலி உறை வைத்திருப்பவர் எல்லாம் குற்றவாளியா? இல்லை. அதே சட்டத்தின் 45-வது பிரிவு ஒரு விலக்கு தருகிறது. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இதில் 'நோக்கம்' என்ற ஒரு சொல்தான் முக்கியம். அலமாரியில் இருக்கும் வரை அது பழைய பித்தளை. 'மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்' என்று சொல்லி ஒருவருக்கு விற்ற அடுத்த நொடி, அது தோட்டாவின் பாகம். பொருள் மாறவில்லை, நோக்கம் மாறிவிட்டது. அண்ணன் மகன் ஆன்லைனில் படம் போட்டு 'மறுபடி பயன்படுத்த ஏற்றது' என்று ஒரு வரி எழுதினால், அந்த நோக்கத்துக்கு அவரே எழுத்தில் சாட்சி கொடுத்த மாதிரி.

சட்டம் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. நாட்டுத் துப்பாக்கி செய்வது கள்ளப் பட்டறையில்கூட நடக்கிறது. நல்ல தோட்டா உறை செய்வது அப்படி இல்லை, பெரிய இயந்திரம் வேண்டும். அதனால் காலி உறை தவறான கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. போலீஸ் பயிற்சியில் சுட்ட பிறகு காலி உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைப்பது இதற்காகத்தான். உத்தரப் பிரதேசத்தில் உரிமதாரர்கள் பழைய காலி உறைகளைத் திருப்பிக் கொடுத்த பிறகே புதிய தோட்டா வாங்கலாம் என்ற நடைமுறையே கொண்டுவந்தார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி பொட்டில் பதிக்கும் தடம், நம் கைரேகை மாதிரி. எந்த உறை எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்று தடயவியல் துறையால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். எங்கோ கிடந்த காலி உறை ஒரு வழக்கின் சாட்சியாகவும் இருக்கலாம். வயலிலோ ஏரிக்கரையிலோ புதிதாக ஒன்றைப் பார்த்தால் கையில் எடுக்காமல் தகவல் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

காயலான் கடையில் போட்டால் என்ன?

வாசகி சொன்ன அந்த இரண்டு தோட்டாக்களும் காலி உறைகளோடு கலந்து போகிறது என்று வையுங்கள். கடையில் சுத்தியலால் தட்டி பிளாஸ்டிக்கையும் பித்தளையையும் பிரிப்பார்கள். தட்டுவது பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன். அடி சரியாகப் பொட்டில் விழுந்தால் போதும். அங்கே தப்பித்தால் அடுத்தது உலை. பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். தோட்டா வெடிக்க அவ்வளவு சூடெல்லாம் தேவையில்லை. உலை வாயிலேயே வெடித்துவிடும்.

போகி நெருப்புக்கும் இதே பதில்தான். துப்பாக்கிக் குழாய் இல்லாததால் குண்டு நேராகப் பாயாது. ஆனால் உறை கிழிந்து உலோகச் சில்லுகள் நாலாபக்கமும் தெறிக்கும். சுற்றி நின்று மேளம் தட்டுவது குழந்தைகள்.

பழைய உலோகத்தோடு வெடிபொருள் கலந்து வந்தால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2004 செப்டம்பர் 30 அன்று டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில், ஓர் உருக்காலையில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த குண்டு வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் இறக்குமதியாகும் பழைய உலோகத்தை ஏற்றும் முன்பே பரிசோதித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற விதியைக் கடுமையாக்கினார்கள். 2018 நவம்பர் 20 அன்று மகாராஷ்டிரத்தின் புல்காவ் அருகே பழைய வெடிபொருட்களை அழிக்கும் வேலையின்போது 6 பேர் இறந்தார்கள். அதில் கூலிக்கு வந்தவர்களும் உண்டு.

நம் பக்கத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 25 அன்று திருப்போரூர் அருகே மானாம்பதியில், கோயில் பக்கம் கிடைத்த ஒரு மர்மப் பொருளை இளைஞர்கள் சிலர் திறந்து பார்க்க முயன்றபோது அது வெடித்தது. இருவர் இறந்தார்கள், மேலும் சிலர் காயமடைந்தார்கள். அனுமந்தபுரம் சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டா என்ற கோணத்தில் விசாரணை நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், காயலான் கடைக்கு வந்து சேரும் பழைய குண்டை வைத்து 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' படம் வந்தது நினைவிருக்கலாம். படத்தில் பார்த்த பயம் கற்பனை இல்லை.

இலங்கையில் 2009-ல் போர் முடிந்த பிறகும், வடக்கில் பழைய இரும்பும் பித்தளையும் பொறுக்கப் போய்க் கை கால் இழந்த தமிழர்கள் உண்டு. பசிக்குப் பொறுக்கப் போனவர்கள் அவர்கள். நமக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லையே!

பழசானால் வீரியம் போய்விடாதா?

'இத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா வெடிக்கும்?' என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம் பட்ட தோட்டா வெடிக்காமல் போகலாம், வெடிக்கவும் செய்யலாம். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

பித்தளையும் நாம் நினைப்பது போல நிரந்தரம் இல்லை. இதற்கான கதை நம் நாட்டில்தான் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து பார்த்தால் உறைகளில் தானாகவே விரிசல். காரணம் நெடுநாள் புரியவில்லை. மழைப் பருவத்தில் வந்ததால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், உறையைத் தயாரிக்கும்போது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்துதான் அதைப் பிளக்கின்றன என்பதை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கினார்கள். பல வருடம் பரணில் கிடந்த தோட்டாவை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ராசிக்காகப் பையில் வைத்தால்?

சிலர் தோட்டாவை ராசிக்காகச் சாவிக் கொத்திலோ பையிலோ வைத்திருப்பார்கள். விமான நிலைய ஸ்கேனருக்கு ராசி தெரியாது. 2024 ஜூனில் சென்னை விமான நிலையத்தில் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் இருந்தது தெரியவந்தது. அவரிடம் உரிமம் இருந்தது. ஆவணங்களைக் காட்டிய பிறகு விட்டுவிட்டார்கள், ஆனால் அன்றைய பயணம் போனது போனதுதான். உரிமம் உள்ளவருக்கே இப்படி என்றால் மற்றவர்களுக்கு வழக்குதான். தெரியாமல் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டா தொடர்பான வழக்குகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்குள் வக்கீல், வாய்தா, பாஸ்போர்ட் கவலை என்று ஆகும் அலைச்சலுக்கு யார் பொறுப்பு?

சரி, இப்போது என்ன செய்வது?

ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. உரிமம் முடிந்தது போன்ற காரணத்தால் வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், ஆயுதத்தையும் தோட்டாக்களையும் தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உங்கள் அப்பா துப்பாக்கியை ஒப்படைத்தது சரி. இந்தப் பை மட்டும் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

1. பையை எடுத்த இடத்திலேயே, குழந்தைகள் கை படாத உயரத்தில் வையுங்கள். அடுப்பு, வெயில், எண்ணெய் பக்கத்தில் வேண்டாம்.

2. தட்டிப் பார்ப்பது, துடைப்பது, திறந்து உள்ளே பார்ப்பது எதுவும் வேண்டாம்.

3. பஸ்ஸிலோ பைக்கிலோ நீங்களே எடுத்துப் போகாதீர்கள். முதலில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனில் சொல்லுங்கள், அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வெறுங்கையோடு போய்ச் சொல்லுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.

4. தாத்தாவின் பழைய உரிமத்தின் நகல், இறப்புச் சான்றிதழ், துப்பாக்கி ஒப்படைத்த ரசீது மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் எப்படி வீட்டுக்கு வந்தது என்ற கேள்விக்கு இவையே பதில்.

5. எத்தனை காலி உறை, எத்தனை சுடப்படாதது என்று எழுதி, மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இதை மறக்கவே வேண்டாம்.

6. ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தானாக முன்வந்து சொல்பவருக்கும், சோதனையில் பிடிபடுபவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

7. பார்த்தது தோட்டா இல்லை, அதைவிடப் பெரிய குண்டு போல இருக்கிறது என்றால் எல்லோரையும் தூரமாக நிற்கச் சொல்லிவிட்டு 112-க்கு அழையுங்கள். வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து பார்த்துக்கொள்ளும்.

காயலான் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டையில் வரும் பித்தளையைக் கொட்டிப் பார்த்து எடை போடுங்கள். அடியில் பொட்டு வைத்த குழாய் எதுவாக இருந்தாலும் தனியே ஒதுக்கி, தட்டாமல், வெட்டாமல் தகவல் கொடுங்கள். அதில் வரும் லாபம் ஒரு டீக் காசுகூடத் தேறாது. தட்டுகிற பையன் யார் வீட்டுப் பிள்ளையோ, அவனுக்கு ஒரு கண் போனால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

வீட்டுப் பரணில் இதுபோல வேறு எதுவும் கிடைத்திருக்கிறதா? பழைய பூச்சிமருந்து டப்பா, உடைந்த தெர்மாமீட்டர், காலாவதியான சிலிண்டர் என்று எதுவானாலும் குரல் பதிவில் அனுப்புங்கள். கேட்டுச் சொல்றோம்!